தெப்பக்காட்டுப் பந்தி

முதுமலைக் காட்டினுள் மாயாற்றின் கரையில் இருக்கும் தெப்பக்காடு யானைகள் முகாமிலே, காலையும் மாலையும் யானைகளை வரிசையாக நிறுத்திப் பாகன்மாரும் காவடிமார் எனப்படும் அவர்களின் உதவியாளரும் உணவூட்டுவதை உதகைக்குப் போய்த் திரும்புகிறவர்களில் பலர் கண்டு மகிழ்வதுண்டு. கேழ்வரகுக் களியையும் வெந்த கொள்ளையும் அரிசிச் சோற்றையும் வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, பெரிய கட்டிகளாக அடித்து, யானை வாயைத் திறந்ததும் முழங்கை வரை உள்ளே போகும்படி வைத்துவிட்டுக் கையை எடுக்கிறார்கள். அந்தப் பந்தியிலே, 1998ஆம் ஆண்டு பிடிபட்டது முதல் 2024 அக்டோபரில் இறந்தது வரை, மூர்த்தி என்ற மக்னாவும் (தந்தமில்லாத ஆண் யானை) நின்றது. கேரளத்திலும் கூடலூர்ப் பக்கத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட மனித உயிர்களைக் குடித்த யானை அது.

அதைச் சுட்டுக் கொல்லும்படி கேரளத்திலே உத்தரவு பிறந்திருந்தது. எல்லை கடந்து தமிழ்நாட்டுக்குள் வந்த அந்த மிருகத்தை, உடம்பெல்லாம் குண்டுக் காயங்களோடு, வனத்துறையார் உயிருடன் பிடித்துத் தெப்பக்காட்டுக் கராலில், கனத்த மரங்களால் கட்டிய அந்தக் கூண்டில், அடைத்தார்கள். யானை வைத்தியத்தில் பெரும் பெயர் பெற்ற வனக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் மேற்பார்வையில் அதன் புண்கள் ஆற்றப்பட்டன. அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். நாளடைவில் அது முகாமின் சாதுவான யானைகளில் ஒன்றாகப் பெயரெடுத்தது.

கிறிஸ்தவனாகிய நான் இந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம், எங்கள் சமயத்தின் ஜீவநாடியான கிருபை என்னும் உபதேசத்தின் கிரமம் இதில் துலங்குவதைக் காண்கிறேன். சாதுவான பிறகு அந்த யானைக்கு மருந்திடவில்லை. மருந்திட்ட பிறகே அது சாதுவாயிற்று. மனிதனுடைய புண்ணியம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு நிறைந்ததும் கடவுள் திருப்தியடைந்து சன்மானமாக அனுக்கிரகத்தைத் தருகிறார் என்று எண்ணுவது உலக சுபாவம். பவுல் அடிகள் எபேசு பட்டணத்தாருக்கு எழுதிய நிருபத்திலோ, இரட்சிப்பு கிரியைகளின் பலன் அல்ல, கடவுளின் தானம் என்றும், நற்கிரியைகள் அதற்குப் பின்னே வருபவை என்றும் முறைமை மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. உவமானம் எல்லா அங்கத்திலும் பொருந்தாது என்பதை நான் மறக்கவில்லை. யானையின் பக்கம் நின்று பார்த்தால் தான் பிறந்த காட்டை இழந்ததே அதற்குப் பெருந்துயர். கடவுளோ எவரையும் கூண்டில் அடைத்து வசப்படுத்துகிறவர் அல்லர். முதற்படி யாருடையது என்ற ஒன்றுக்காக மட்டுமே அதை இங்கே சொன்னேன்.

இந்த முறைமை இனிப்பானதாகத் தோன்றினாலும் ஜீரணிக்கக் கடினமானது. மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில், விடியற்காலம் முதல் வெயிலில் உழைத்தவனுக்கும், பொழுது சாயும் வேளையில் வந்து ஒரு மணி நேரம் மாத்திரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சத் தோட்ட எஜமானைப் பற்றி இயேசு சொன்ன கதையை, கூடலூர், பந்தலூர்த் தேயிலைத் தோட்டங்களில் படித்துப் பாருங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்கு, கொழுந்தின் எடை குறைந்தால் ஏட்டில் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழும் என்பது பாட்டன் காலத்து அனுபவம். கடைசியில் வந்தவனுக்கும் முழுப் பேர் போட்டான் என்றால், நாள் முழுதும் கூடை சுமந்து முதுகொடிந்தவளுக்கு வயிறு எரியாதா? எரியும். இயேசுவும் அந்த எரிச்சலை மறைக்கவில்லை. முணுமுணுத்தவர்களைக் கதைக்குள்ளேயே நிறுத்திப் பேச விட்டிருக்கிறார். சபையிலே ஐம்பது வருஷம் காணிக்கை போட்டவர்களாகிய நாமே அந்த முணுமுணுப்பவர்கள் என்று உணர்வதற்குத்தான் நமக்கு நாளாகிறது.

முதற்படி யாருடையது என்ற இந்த விசாரம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. தாய்க்குரங்கைத் தானே பற்றிக்கொள்ளும் குட்டியைப்போல ஜீவனுக்கும் சிறிது பிரயத்தனம் வேண்டும் என்று வைஷ்ணவரில் வடகலையாரும், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல எல்லாம் பகவானுடைய செயலே என்று தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக வாதித்த நாடு இது. நெல்லைச் சீமையில் வைஷ்ணவ குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தை வெளியிட்ட எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கிருபையைப் பற்றிப் பாட வேற்றுப் பாஷையின் நடையைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கம்பனில் தோய்ந்த நாவே அவருக்குப் போதுமாயிருந்தது.

இனி, அந்த யானையால் செத்தவர்களின் குடும்பங்களுக்கு என்ன பதில் என்று ஒருவர் கேட்பாரானால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் எந்தக் கிருபையும் போலியே. மூர்த்தி பிடிபட்ட மறு ஆண்டு, 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, ஒரிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்துவந்த கிரகாம் ஸ்டெயின்ஸும் பிலிப், திமோத்தேயு என்ற அவருடைய பாலகர் இருவரும் ஜீப்பில் உறங்கிக்கொண்டிருக்கையில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ், கொலைஞர்களை மன்னித்துவிட்டதாகத் தேசமறியச் சொன்னார். சொன்னதோடு கப்பலேறிவிடாமல், 2004 வரை பாரிபதாவிலே தங்கி அந்த நோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். சட்டம் அதன் வழியிலே சென்றது; பிரதானக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பு நீதிமன்றத்தை மூடவில்லை. நீதிமன்றமும் மன்னிப்பைத் தடுக்கவில்லை. பகைக்கு வாரிசாக மறுத்த அந்த விதவையின் ஐந்து வருஷத்து ஊழியமே கிருபையில் வாழ்தல் என்பதற்கு நான் அறிந்த சிறந்த வியாக்கியானம்.

அதன் பக்கத்தில் நம் சபைகளில் கேட்கும் சாட்சிகளை வைத்துப் பாருங்கள். வீடு கட்டி முடித்தது கிருபை. மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைத்தது கிருபை. விற்காத மனை விலைபோனது கிருபை. இவற்றுக்காக நன்றி சொல்வதை நான் குறை கூறவில்லை. ஆனால் கிருபையை வரவுக் கணக்காகவே பேசப் பழகிய நாவு, செலவுப் பக்கத்தைக் கண்டதும் ஊமையாகிவிடுகிறது. பெற்றவன் கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பி பாகத் தகராறிலே பேச்சு நின்ற வீடுகள் நம் ஊர்களில் உண்டு. நற்கருணைப் பந்தியில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டு வாசலிலே முகம் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. திருமண்டலத் தேர்தல் தகராறுகளுக்காக நீதிமன்றப் படியேறி, ஏழை விசுவாசியின் காணிக்கையில் வக்கீல் ஃபீஸ் கட்டுகிறவர்களும் உண்டு.

சபைப் பெரியோர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே. அடுத்த நற்கருணை ஆராதனைக்கு முன்பாக அந்த வழக்குகளில் ஒன்றையாவது வாபஸ் வாங்குங்கள். பேச்சு நின்ற ஒரு வீட்டுப் படியையாவது, அவர்கள் முதலில் வரட்டும் என்று காத்திராமல், நீங்களே மிதியுங்கள். கிருபையைப் பற்றிய பிரசங்கத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.