மாலை கழற்றிய பிறகு, மாலைப் பொழுதை என்ன செய்வது?

கார்த்திகை பிறந்து கழுத்தில் மாலை ஏறிவிட்டால் போதும், வருஷம் முழுக்கக் குடிக்கிறவர்கூட பாட்டிலைத் தொடுவதில்லை. ஒரு மண்டலம், 48 நாட்கள்! விடியற்காலையில் குளிக்கிறார். வெறுங்காலோடு நடக்கிறார். வீட்டில் சத்தம் இல்லை, சண்டை இல்லை. மனைவிக்கு மனசு குளிர்ந்து போகிறது. சபரிமலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிறார். அந்த வாரமே மறுபடியும் கடை வாசலில் நிற்கிறார்.

"நாற்பத்தெட்டு நாள் இருந்த மனுஷனால அதுக்கு மேல ஏன் டாக்டர் இருக்க முடியல?" என்று பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 'சாமி பயம் போயிடுச்சு' என்று ஒரே வரியில் பதில் சொல்ல எனக்குச் சம்மதமில்லை.

மாலை போட்ட நாட்களில் அவருக்கு எழுந்திருக்க ஒரு நேரம் இருந்தது. நடக்க ஒரு காரணம் இருந்தது. 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிட நாலு பேர் இருந்தார்கள். சாயங்காலமானால் போவதற்கு பஜனை இருந்தது. மாலையைக் கழற்றிய அன்று இவை அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. மிச்சம் இருப்பது வெறும் சாயங்காலம்தான். கழுத்து மாலை இறங்கியதும் பொழுது மாலை அவரைப் பிடித்துக்கொள்கிறது!

ஆறு மணி கண்டம்

ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தார்கள் நம் முன்னோர்கள். எந்தப் பொழுதில் என்ன செய்ய வேண்டும் என்பதை 'நாளொழுக்கம்' என்று சித்த மருத்துவத்தில் தனியாகவே படிக்கிறோம். பாளையங்கோட்டையில் படித்த நாளில் இதைப் பரீட்சைக்கான பாடமாகத்தான் நினைத்தேன். குடிநோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. காலையில் அவர் செய்கிற சத்தியம் பொய்யில்லை. மாலையில் அது உடைவதும் பொய்யில்லை. வருஷக்கணக்காக ஆறு மணிக்குக் குடித்துப் பழகிய உடம்பு, ஆறு மணி அடித்ததும் கேட்கத்தான் செய்யும்.

என் கருத்து இதுதான்: குடியை விட்டவருக்கு புத்திமதியை விட அவசியம், அந்த ஆறு மணிக்குப் போக ஓர் இடமும் கூட வர ஓர் ஆளும். அந்த இடம் மரமும் மண்ணும் காற்றும் உள்ள இடமாக இருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

முதலில் மருத்துவமனை, பிறகுதான் மலை

அவசரப்படாதீர்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும். இது உயிருக்கே ஆபத்து. 'மாலை போட்டிருக்காரு, சாமி பார்த்துக்கும்' என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே நடுக்கத்தை அடக்கும் மருந்தும், உடம்பு இழந்த வைட்டமின் பி1-ம் கொடுப்பார்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், அந்த முதல் வாரத்துக்கு அதுதான் சரியான இடம்.

இன்னொன்று. 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் பொடிகளை நம்பாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் மாத்திரையைக் கலந்திருந்தால், அவர் அதன்மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் தாறுமாறாகி, உயிரே போகலாம். குடியை விடுவதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். சாம்பாரின் சம்மதம் போதாது!

பௌர்ணமி வேண்டாம், புதன்கிழமை போதும்

எங்கள் ஊர் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. பக்தி வேறு விஷயம். ஆனால் குடியிலிருந்து மீள்கிறவருக்கு மாதம் ஒரு பௌர்ணமி போதாது. அவருக்குத் தேவை சாதாரண செவ்வாய், புதன்கிழமைகள்தான்.

முழுச் சுற்றும் நடக்க வேண்டியதில்லை. செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் ஆரம்பித்து, நிருதி லிங்கத்தைத் தாண்டிப் போக அரை மணி, வர அரை மணி. வலது பக்கம் மலை கூடவே வரும். செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு நரம்பு கெட்டு, பாதம் மதமதப்பாக இருக்கும். கல் குத்தினால் தெரியாது. சர்க்கரையும் இருந்தால் புண் ஆறாது. இது வேண்டுதல் இல்லை, வைத்தியம். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். 2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம். அதே வருஷம் பிளிமத் பல்கலைக்கழகத்தார், வீட்டிலிருந்து பார்த்தால் பச்சை தெரிகிறவர்களுக்கு மது, சிகரெட், தின்பண்டம் ஆகியவற்றின் மேல் ஏக்கம் குறைவாக இருப்பதாகக் கண்டார்கள். மரத்தைப் பார்த்தால் குடி நின்றுவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் குடிக்கும் ஆசை அலை மாதிரி எழுந்து, பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த அரை மணியை வீட்டுக்குள் உட்கார்ந்து கழிப்பது நரகம். நடந்துகொண்டே கழிப்பது சுலபம்.

கைக்கும் வேலை கொடுங்கள்

இன்று பச்சையாகத் தெரியும் இந்த அண்ணாமலை ஒரு காலத்தில் காட்டுத்தீயால் மொட்டையாகக் கிடந்தது. 1988-ல் மரம் வளர்ப்புக்காகவே இங்கே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதிலிருந்து பலரும் மழைக்காலத்தில் கன்று நடுவதும், கோடைக்கு முன் தீத்தடுப்புப் பாதை வெட்டுவதுமாக உழைத்திருக்கிறார்கள். ஒரே நாள் விழா நடத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஒரு கன்றும் பிழைத்திருக்காது. குடியை விடுவதும் அப்படித்தான்.

மீள்கிறவருக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற நாலு செடி கொடுங்கள். மொட்டை மாடியில் தொட்டி இருந்தாலும் சரி. 'நீ உருப்படமாட்டே' என்று கேட்டுக் கேட்டு மரத்துப் போனவருக்கு, தன் கையால் ஒன்று துளிர்ப்பதைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் 'இயற்கை' என்றதும் நண்பர்களோடு ஏற்காடு, ஏலகிரி டூர் அனுப்பிவிடாதீர்கள்! அங்கே பாட்டிலும் கூடவே போகும். நீலகிரிக் காடுகளில் வீசப்பட்ட பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்ததால்தான், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் அங்கே காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டமே வந்தது.

மலைமேல் தன்னந்தனியாக ஏற விடவும் வேண்டாம். 2024 டிசம்பர் மழையில் இங்கே மண் சரிந்து ஏழு உயிர்கள் போனதை மறக்க முடியாது. அடிவாரப் பாதையே போதும்.

வீட்டார் செய்ய வேண்டியது

* ஐந்தரைக்கே சுண்டலோ, இட்லியோ கொடுங்கள். பசித்த வயிறு குடியைத் தேடும்.

* மனைவியோ, மகனோ, மச்சானோ யாராவது ஒருவர் கூட நடங்கள். பழைய கணக்கைப் பேசாதீர்கள்.

* டாஸ்மாக் கடை இல்லாத வழியாகப் போங்கள்.

* ஒரு நாள் வழுக்கினால், 'எல்லாம் போச்சு' என்று தலையில் அடித்துக்கொள்ளாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மறுநாளும் நடங்கள்.

* மனசு கலங்கினால் நீங்களும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசலாம்.

குடிப்பவருக்கு மட்டுமல்ல, அவரைச் சுமக்கும் குடும்பத்துக்கும் இது சிகிச்சைதான். 1980-ல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாருக்கும் சேர்த்தே ஆலோசனை தருகிறது. தூங்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் காற்று வேண்டும், நடை வேண்டும்.

இன்று சாயங்காலம் டி.வி.யை அணைத்துவிட்டு, "வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் வரமாட்டார். மறுநாளும் கூப்பிடுங்கள்.