ஹேக்கர் என்றால் திருடனா?

சென்ற மாதம் சரோஜினி நகர் பிள்ளையார் கோவில் வாசலில் ஒரு நண்பரைச் சந்தித்தேன். முகம் வாடியிருந்தது. "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றேன். "என் பிள்ளை ஹேக்கர் ஆகிவிட்டான் சார்!" என்றார், ஏதோ கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டதைப் போல.

விசாரித்தேன். பள்ளியின் இணையப் பக்கத்தில் தன் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது, பையன் ஓர் எண்ணைத் தவறாக அடித்துவிட்டான். வேறொரு மாணவனின் மதிப்பெண் வந்து நின்றது. உடனே போய் ஆசிரியரிடம் சொன்னான். கிடைத்தது பாராட்டு அல்ல. "உங்கள் பையன் ஹேக்கிங் செய்கிறான்" என்று பெற்றோருக்குக் கடிதம்!

இந்தச் சொல் பிறந்த கதையே வேறு. 1950-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், மாதிரி ரயில் விடும் சங்கத்து மாணவர்கள் சாமர்த்தியமான வேலைப்பாட்டை 'ஹேக்' என்றார்கள். பிறகு அவர்களே கம்ப்யூட்டரைக் குடைந்து கற்றார்கள். தில்லிவாசிகளான நமக்குப் புரியும்படி சொன்னால், ஏறக்குறைய 'ஜுகாட்'! 1980-களில், பிறர் கம்ப்யூட்டருக்குள் அத்துமீறி நுழைந்த இளைஞர்களையும் பத்திரிகைகள் ஹேக்கர் என்றே எழுத, நல்ல பெயர் கெட்ட பெயராயிற்று.

நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66-ஆவது பிரிவில் 'ஹேக்கிங்' என்றே குற்றத்துக்குப் பெயர் சூட்டியது. மூன்றாண்டு வரை சிறை. 2008-இல் திருத்தம் நிறைவேறி, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. தண்டனை போகவில்லை. அனுமதி உண்டா, நேர்மையற்ற நோக்கம் உண்டா என்பதே இப்போது கேள்வி.

சட்டமே கைவிட்ட வசைச்சொல்லை நாம் ஏன் பிள்ளைகள்மேல் வீச வேண்டும்?

அதற்காக எதையும் குடையலாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டாத வீடானாலும் பிறர் வீடு பிறர் வீடுதான். ஓட்டை கண்ணில் பட்டால் மேலும் நோண்டாமல் உரியவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டால், அருகில் லோதி ரோடு சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில் 2004 முதல் இயங்கும் 'செர்ட்-இன்' என்ற அரசு அமைப்புக்கு எழுதலாம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

ஊரை விட்டு வந்த நமக்குப் பிள்ளைகளின் அறிவே சொத்து. "கதவு திறந்து கிடக்கிறது" என்று சொன்னவனைத் திருடன் என்றால், அடுத்த முறை அவன் வாய் திறப்பானா? நண்பரிடம் அதைத்தான் கேட்டேன். மறுநாள் அவர் பள்ளிக்குப் போனார், மன்னிப்புக் கேட்க அல்ல, மகனுக்காகப் பேச!