என்ன பிரயோசனம்?

நெல்லிக்குப்பத்துக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கரும்பு நட்ட மூன்றாம் மாதம் வயலுக்குப் போய், "சர்க்கரை எங்கே?" என்று எவரும் கேட்பதில்லை. பத்துப் பன்னிரண்டு மாதம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், சோகை உரிக்க வேண்டும், பிறகுதான் வெட்டி ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். இந்தப் பொறுமையெல்லாம் வரப்பிலிருந்து திண்ணைக்கு வந்து சேர்வதற்குள் எங்கே தொலைந்துவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள். மூளையிலுள்ள புரதங்கள் மடிப்புப் பிசகுவதால் வரும் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி. இரண்டு வருஷத்துக்கு உபகாரச் சம்பளம். அப்புறம் வேறு இடம் தேட வேண்டும். ஊருக்கு வந்தால் அவளை வரவேற்பது, "இன்னுமா படிப்பு முடியவில்லை?" என்ற கேள்விதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "இதனால் என்ன பிரயோசனம்?" என்பார்கள். அப்படிக் கேட்கிறவர் வீட்டுக் கூடத்திலேயே, பெற்ற பிள்ளையைப் பார்த்து "நீங்கள் யார்?" என்று கேட்கும் தாயார் உட்கார்ந்திருப்பாள். அதற்கு அவர் சொல்லும் சமாதானம்: "வயசாயிற்று, அப்படித்தான்."

அப்படித்தான் இல்லை, ஐயா! 1906-இல் அல்ஜைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் ஒரு பெண்ணின் மூளையைச் சோதித்து, அதில் படிந்து கிடந்த திட்டுகளையும் நார்ச்சிக்கல்களையும் கண்டார். நினைவெல்லாம் இழந்து அவள் இறந்தபோது அவளுக்கு வயது 55. கிழவி அல்ல. முதுமையில் இந்த நோய் அதிகம் வருகிறது என்பது மெய். முதுமையே இந்த நோய் என்பது பொய்.

ஆறு கஜப் புடவையை அப்படியே மேலே போட்டுக்கொண்டால் உடம்பில் நிற்குமா? கொசுவம் வைத்துச் செருக வேண்டும். புரதமும் அப்படித்தான், நீண்ட சங்கிலி அது. உரிய முறையில் மடிந்தால் வேலை செய்கிறது. மடிப்புப் பிசகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி தட்டுகிறது. பிசகிய ஒன்று பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கிறது. நரம்பணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன.

இந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது எங்கே தெரியுமா? நம் சென்னைச் சர்வகலாசாலையில்! 1952-இல் அங்கே பௌதிகப் பேராசிரியராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இருவரோடு சேர்ந்து 1963-இல் அதை வெளியிட்டார். புரதங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் 'ராமச்சந்திரன் வரைபட'த்தைத் தாண்டிப் போக முடியாது. அந்த மகானுபாவரையே கடைசிக் காலத்தில் பார்க்கின்ஸன் நோய் பற்றிக்கொண்டது. 2001-இல் சென்னையில் காலமானார். அந்த நோயாளிகளின் மூளையில் கட்டி தட்டிக் கிடப்பது ஆல்பா-ஸைநியூக்ளின் என்ற புரதம் என்பது 1997-இல்தான் வெளியாயிற்று. மடிப்புக்கு இலக்கணம் எழுதியவரை, மடிப்புப் பிசகும் ஒரு நோயே வந்து பற்றியது. அவரைப் பார்த்து, "உம் கணக்கினால் என்ன பிரயோசனம்?" என்று கேட்க நமக்கு நா எழுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். வேலியில் படரும் பூனைக்காலியைத் தொட்டால் அரிக்கும் என்பதுதான் நமக்குத் தெரியும். 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ரசாயன ஆராய்ச்சியாளர்கள் அதன் விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 'அரிப்புக் கொடியில் என்ன ஆராய்ச்சி?' என்று அன்று கேட்டிருந்தால் பதில் சொல்ல யாராலும் முடிந்திராது. பதில் 1960-களில் வந்தது: பார்க்கின்ஸன் நோயாளிகளின் விறைப்பைத் தளர்த்தி நடமாட வைக்கும் மருந்து அதே எல்-டோபாதான். அது நோயைத் தணிக்கிறதே தவிர, நிறுத்துவதில்லை. நிறுத்தும் வழியைத்தான் எங்கள் ஊர்ப் பெண் போன்றவர்கள் தேடுகிறார்கள்.

"ஆராய்ச்சி எத்தனையோ வீணாகப் போகிறதே!" என்பீர்கள். போகட்டும். செவ்வழுகல் நோய் கரும்பை அழித்ததுண்டு. அதற்காகக் கரும்பு நடுவதையே விட்டுவிட்டோமா? பத்து வருஷப் பயிருக்கு இரண்டு வருஷத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, "விளையவில்லையே" என்று கையை விரிக்கிற நம் ஏற்பாட்டையல்லவா முதலில் குறை சொல்ல வேண்டும்?

இந்த நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களை 'அப்படித்தான்' என்று மூலையில் உட்கார்த்துகிறவர்களும், அந்த நோயை ஆராய்கிறவளைப் பார்த்து 'எதற்கு' என்று கேட்கிறவர்களும் ஒரே மனிதர்கள்தாம். விதி என்று முடிவு கட்டிவிட்டவனுக்கு ஆராய்ச்சி வீண்வேலையாகத்தானே தோன்றும்!

முதலில் தாயாரை நரம்பு வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டுக் கோளாறினாலும், வைட்டமின் குறைவினாலும் வரும் மறதியும் உண்டு. அதற்கு இன்றே மருந்து இருக்கிறது. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தால், "எப்போது முடியும்?" என்று கேட்காதீர்கள். "இதுவரை என்ன தெரிந்தது, அம்மா?" என்று கேளுங்கள்.