தற்காலிக வரிச் சலுகை: நீட்டிக்கும் முடிவு யார் கையில்?

ஒரு வரியைத் தற்காலிகமாகக் குறைப்பது எந்த அரசாங்கத்திற்கும் எளிது. அந்தச் சலுகையை முடித்து வைப்பதுதான் சிரமம். அதை அறிவித்த அமைச்சரே கடைசி நாளிலும் பதவியில் இருப்பார் என்று சொல்ல முடியாது. நீட்டிப்பதா, நிறுத்துவதா என்ற முடிவு பல வேளைகளில் அடுத்து வருபவரின் தலையில் விழுகிறது.

மலேசியர்கள் இதைக் கார் வாங்கும்போது நேரில் கண்டார்கள். கோவிட் காலத்தில், 2020 ஜூன் மாதம் பிரதமர் டான்ஸ்ரீ முஹிடின் யாசின் அறிவித்த பென்ஜானா திட்டத்தில், உள்நாட்டில் பொருத்தப்படும் கார்களுக்கு விற்பனை வரி முழுமையாக விலக்கப்பட்டது. இறக்குமதி கார்களுக்குப் பாதி வரி விலக்கு கிடைத்தது. முதலில் குறித்த கெடு 2020 டிசம்பர் 31. அது 2021 ஜூன் 30 ஆனது, பின்னர் அவ்வாண்டு டிசம்பர் 31 ஆனது. இஸ்மாயில் சப்ரி பிரதமரான பிறகு 2022 ஜூன் 30 வரை மீண்டும் நீண்டது. ஆறரை மாதத்திற்கு வந்த சலுகை இரண்டு ஆண்டு நிலைத்தது.

அதன் பிறகு நீட்டிப்பு இல்லை. கெடுவுக்குள் முன்பதிவு செய்தவர்கள் மட்டும் 2023 மார்ச் 31 வரை வாகனத்தைப் பதிந்துகொள்ள அவகாசம் கிடைத்தது. விற்பனை படுத்துவிடவில்லை. 2022-இல் 720,658 வாகனங்கள் விற்றன. 2023-இல் அது 799,731 ஆக உயர்ந்தது.

அப்படியிருந்தும் அரசுகள் நீட்டிக்கவே விரும்புவது ஏன்? சலுகை நின்றால் தன் கையைவிட்டுப் போகும் தொகை வாங்குபவருக்குத் துல்லியமாகத் தெரியும். அரசாங்கம் இழக்கும் வருமானத்தால் எந்தப் பள்ளிக்கு, எந்தச் சாலைக்குப் பணம் குறைந்தது என்பது யாருக்கும் தெரியாது. குரல் எழுவது ஒரு பக்கம் மட்டுமே.

இன்று நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது, பிள்ளைகளின் உயர்கல்விக்கான எஸ்எஸ்பிஎன் சேமிப்பு. ஓர் ஆண்டில் போட்ட தொகையிலிருந்து எடுத்ததைக் கழித்த மீதிக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி உள்ள ஒருவர் முழுத் தொகையையும் சேமித்தால் 880 வெள்ளி வரி மிச்சமாகும். இந்தக் கழிவு முன்பு 2022-ஆம் மதிப்பீட்டு ஆண்டோடும், பிறகு 2024-ஆம் ஆண்டோடும் முடிய வேண்டியிருந்தது. இருமுறையும் நீட்டிக்கப்பட்டது. இப்போதைய கெடு 2027.

கார் வரி விலக்கை நிதியமைச்சரின் ஆணையால் நீட்டிக்கலாம். வருமான வரிக் கழிவுக்கு நாடாளுமன்றத்தில் நிதி மசோதா நிறைவேற வேண்டும். தற்போதைய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19. அதன் ஐந்தாண்டுத் தவணை 2027 டிசம்பரில் முடிகிறது. ஆக, கெடு முடியும் காலமும் பொதுத் தேர்தல் காலமும் நெருங்கி வருகின்றன. கழிவைக் கொடுத்தவர்களே அதைத் தொடர்வார்களா என்பதை வாக்காளர்தான் முடிவு செய்வார்.

இதில் இன்னொரு கேள்வியும் உண்டு. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு வருமான வரியே இல்லை. அவர் எஸ்எஸ்பிஎன்னில் சேமித்தாலும் இந்தக் கழிவால் ஒரு காசும் மிச்சமாகாது. பட்டணத்து ஆசிரியரும் தோட்டத்துத் தொழிலாளியும் பிள்ளையின் படிப்புக்காகவே சேமிக்கிறார்கள். வரிச் சலுகை ஒருவருக்கு மட்டுமே எட்டுகிறது. கழிவைத் தொடருங்கள் என்று கேட்கும்போது, வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவரின் சேமிப்புக்கு என்ன உதவி என்றும் வேட்பாளர்களிடம் கேட்க வேண்டும்.

அதுவரை குடும்பக் கணக்கைச் சட்டத்தில் இன்று உள்ள தேதியை வைத்தே போடுவது நல்லது. முன்பு நீண்டது மீண்டும் நீளும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.