கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல



இந்த வாரம் வழக்கு, கூட்டம், அறிக்கை எதுவும் இல்லை. கழுத்தையும் அதற்குக் கீழே நெஞ்சுக்குழி வரைக்கும் உள்ள ஒரு சாண் தோலையும் பற்றி எழுதப் போகிறேன். "அழகுக் குறிப்பு எழுத ஆரம்பிச்சிட்டீங்களா அக்கா" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் என்னை எழுப்பி நிறுத்தினார். பின்னங்கழுத்தைக் காட்டி, "குளிக்கும்போது இங்கெல்லாம் தேய்க்க மாட்டியா? உங்க தெருவுல தண்ணியே வராதா?" என்றார். வகுப்பே சிரித்தது. எந்தத் தெருவைச் சொல்கிறார் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் அம்மா என்னை உட்கார வைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார். போகவில்லை. எலுமிச்சைத் தோலில் உப்பு வைத்துத் தேய்த்தார். எரிந்தது, தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. புண் ஆறியபோது அந்த இடம் முன்பைவிடக் கருத்திருந்தது. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளையை இன்னொருவர் அழுக்கு என்று சொல்லிவிடக் கூடாது என்பது அவருடைய பயம். அந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரியில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றியே போட்டுக்கொண்டு திரிந்தேன். 27 வயதில், மாதவிலக்கு ஒழுங்காக வராததற்காக அரசு மருத்துவமனைக்குப் போனேன். அந்த டாக்டர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என் கழுத்தைப் பார்த்தார். "ஏம்மா, இது எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். 14 வருடம் என்றேன். உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வெறும் வயிற்றில் சர்க்கரை 168. நூறுக்குள் இருக்க வேண்டியது.

என் கழுத்து 14 வருடமாக ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அதில் சாதியைப் படித்தார்கள். நோயைப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் கருமைக்கு மருத்துவத்தில் 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று பெயர். நம் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அப்படி மிகும் இன்சுலின் தோலின் செல்களையும் பெருகத் தூண்டுகிறது. கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் தடித்து, கருத்து, தொட்டால் வெல்வெட் துணிபோல ஆகிவிடுகிறது. உடல் பருமன், கர்ப்பப்பை நீர்க்கட்டி, சர்க்கரை நோயின் தொடக்கம் இவற்றோடு சேர்ந்து வருவதுதான் அதிகம். சோப்பாலும் நாராலும் இது போகாது. தேய்த்தால் உராய்வில் மேலும் கருக்கும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கருப்பாக இருப்பது நோய் அல்ல. அது நம் நிறம், அதற்கு மருந்து தேவையில்லை. உடம்பின் மற்ற இடத்தைவிடக் கழுத்து மட்டும் தனியாகக் கருத்து, தடித்து வந்தால்தான் பரிசோதனை வேண்டும். வயதானவர்களுக்கு இது திடீரென்று வந்து, உடம்பும் மெலிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாதி நம் கழுத்தைப் பார்ப்பது புதிதல்ல. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டத்தகாதவர்கள் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை, அண்ணல் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் பதிவு செய்திருக்கிறார். திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்மாலைதான் அணிய வேண்டும் என்பது கட்டாயம். அது நகை அல்ல, அடையாள வில்லை. 1915இல் அய்யன்காளியின் அழைப்பில் கொல்லத்தில் கூடிய பெண்கள் அந்தக் கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அதே திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டமும் சேர்ந்திருந்த அந்த நாட்டில், சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள் நெஞ்சை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859இல் மன்னர் இறங்கிவந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே இருந்தது.

கழுத்தில் எதைத் தொங்கவிட வேண்டும், நெஞ்சில் எதைப் போர்த்தக் கூடாது என்று சட்டம் போட்டவர்கள் இன்று இல்லை. ஆனால் அந்தக் கண் இன்னும் வகுப்பறையில் இருக்கிறது, பெண் பார்க்கும் வீட்டில் இருக்கிறது, இன்டர்வியூ அறையிலும் இருக்கிறது.

அந்தக் கண்ணை நம்பிப் பிழைக்கும் ஒரு சந்தையும் இருக்கிறது. 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல்தான் பெயரில் இருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. பெயர் மாறினாலும் வெட்கத்தை விற்கும் வியாபாரம் ஓயவில்லை. முகத்துக்கு விற்றவர்கள் இப்போது கழுத்துக்குத் தனி, அக்குளுக்குத் தனி என்று விற்கிறார்கள்.

அதைவிட ஆபத்து, மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் ட்யூப். அட்டையில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஒரு வாரத்தில் வெளுத்ததுபோலத் தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிய ஆரம்பித்து, பரு வந்து, நெஞ்சிலும் அக்குளிலும் கோடு கோடாக வரி விழும். நிறுத்தினால் எரியும், அதனால் மறுபடியும் பூசுவோம். படைக்குப் பூசினால் அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். 2018இல் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. நம் ஊர்க் கடையில் யார் சீட்டுக் கேட்கிறார்கள்?

தயாரித்தவர் பெயரே இல்லாத டப்பா க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். நிறம் உண்டாவதை அது தடுக்கும், தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை விசாரித்த டாக்டர்கள், அவர்கள் பூசிய சிவப்பழகு க்ரீம்களில்தான் போய் நின்றார்கள்.

இனி நம்மவர்களோடு ஒரு சண்டை. "உழைச்ச கழுத்து தோழர், வெயில் கொடுத்த நிறம்" என்று மேடையில் பேசுகிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. நடவு நடும் பெண்ணைப் பாருங்கள். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் அவள் முகத்தைவிடப் பின்னங்கழுத்துதான் வெயிலைத் தாங்குகிறது. வரப்பில் முளைத்த பார்த்தீனியத்தைப் பிடுங்குகிறவர்களில் சிலருக்கு அதன் தூள் பட்டு முகம், கழுத்து, சட்டை திறந்த நெஞ்சு எல்லாம் தடித்து அரிக்கிறது. வருடக்கணக்கில் சொறிந்து தோல் மாட்டுத்தோலாகிவிடுகிறது. அது பதக்கம் அல்ல, தொழில் நோய். கவிதை பாடிவிட்டு நகர்ந்தால், ஆசிரியர் பார்த்த அதே கழுத்தை நாமும் வேறொரு பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம் என்றுதான் அர்த்தம்.

நம் அம்மாக்களுக்கு இது எப்போதோ தெரியும். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தூக்கிவிட்ட காலர், தலையிலிருந்து கழுத்து வரை இறங்கும் துண்டு. எந்தக் க்ரீமையும்விட நம்பகமான வெயில் காப்பு அதுதான். நூறு நாள் வேலைச் சட்டம் 2005இலேயே வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்று எழுதியது. சட்டையை அம்மா கொண்டுவந்தார். நிழலை யார் கொண்டுவந்தார்கள்?

வீட்டில் செய்யக்கூடியவை சில:

கழுத்தையும் நெஞ்சையும் சாதாரண சோப்பு போட்டு, கையால் தேய்த்தாலே போதும். நாரும் கல்லும் வேண்டாம். எலுமிச்சை, பேக்கிங் சோடா, பற்பசை எதையும் அங்கே பூச வேண்டாம். சென்ட்டைக் கழுத்தில் அடிக்காமல் துணியில் அடியுங்கள், வெயிலில் அது கருமையை உண்டாக்கும்.

தாலிக்கயிற்றிலும் செயினிலும் ஊக்கு கோத்துப் போடும் அம்மா, அக்காக்களிடம் சொல்லுங்கள். ஊக்கிலும் கவரிங் நகையிலும் உள்ள நிக்கல் வியர்வையில் கரைந்து, சிலருக்கு நெஞ்சில் அரிப்பும் கரும்புண்ணும் வரும். ஊக்கை எடுத்தாலே பாதி சரியாகும்.

நெஞ்சில் வெளிர்த் திட்டுகள் வந்தால் அது பெரும்பாலும் தேமல். பூஞ்சையால் வருவது, மருந்தில் போகும். திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயாக இருந்தாலும் சிகிச்சை இலவசம், முழுதாகக் குணமாகும்.

நெஞ்சில் பருவோ காயமோ ஆறிய இடத்தில் தழும்பு மேடாக வளர்ந்தால் வெட்டி எடுக்கச் சொல்லாதீர்கள். வெட்டினால் மட்டும் அது பெரிதாகத் திரும்பி வரும். தோல் டாக்டரிடம் ஊசி சிகிச்சை இருக்கிறது.

கழுத்துக் கருமைக்கு முதல் மருந்து சர்க்கரைப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்க மாட்டார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். வரும் அக்காவிடம் பெரியவர்களை மட்டும் காட்டாமல், கழுத்து கருத்த தம்பி தங்கைகளையும் காட்டுங்கள். எடை குறைந்தால், நடந்தால், சர்க்கரை கட்டுக்குள் வந்தால் கருமை மெல்ல மங்கும். எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. முழுதாகப் போகவில்லை, போகாவிட்டாலும் பரவாயில்லை.

அமைப்பாகச் செய்ய வேண்டியவையும் உண்டு. உங்கள் விடுதியில் சர்க்கரைப் பரிசோதனை முகாம் கேட்டு மனு கொடுங்கள். இரவு உணவு வெறும் சோறும் தண்ணீர்க் குழம்புமாக இருந்தால் அதையும் அதே மனுவில் எழுதுங்கள். கழுத்துக்கும் தட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடையைப் பற்றி மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள். மாணவரை நிறத்தையோ கழுத்தையோ காட்டி "அழுக்கு" என்று சொல்லும் ஆசிரியரைப் பற்றிப் புகார் எழுதத் தயங்காதீர்கள். நான் எழுதவில்லை, தலை குனிந்து உட்கார்ந்தேன். குனிந்தபோது அவருக்குக் கழுத்து இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

கூட்டம் கூட்டமென்று டீயும் பன்னுமாக நாளை ஓட்டும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணலைக் கடைசி வருடங்களில் வாட்டியது சர்க்கரை நோய். 65 வயதில் அவரை இழந்தோம். அவர் படத்துக்கு மாலை போடும் நாம், நம் ரத்தத்தை ஒரு முறையாவது பரிசோதித்திருக்கிறோமா?

போன மாதம் அம்மாவிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என் பின்னங்கழுத்தில் கை வைத்து, "அன்னைக்கு ரொம்ப வலிச்சுதாடி?" என்று கேட்டார்.

நாளைக் காலை சாப்பிடாமல் போய் ரத்தம் கொடுங்கள். துப்பட்டாவை எடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.