மேய்ச்சல் தரையும் வனவிலங்கும்

மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் போராட்டத்தைத் தொடங்கியது, பரம்பரையாக மாடு மேய்த்த தரையை அத்துமீறிய பயிர்ச்செய்கையிலிருந்து மீட்பதற்காக. இதில் வனவிலங்கின் பிரச்சினையும் இருப்பதாகவே நான் பார்க்கிறேன். மாடு மேயும் தரையில் யானையும் மானும் நடமாடலாம். உழுது வேலியடைத்த தரையில் முடியாது.

நமீபியா 1996இல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலங்களில் வாழும் கிராமத்தவருக்கு வனவிலங்கு மீதான உரிமையை வழங்கியது. அங்கு மந்தை வளர்ப்பும் தொடர்கிறது, சுற்றுலா வருமானமும் வருகிறது, காவலர்களும் ஊரவரே. சிங்கத்திடம் மாட்டை இழப்பவர்களும் உண்டு. ஆனாலும் விலங்கு உயிரோடிருந்தால் அவர்களுக்கும் பங்கு கிடைக்கிறது.

எங்கள் வடக்கு கிழக்கிலோ போருக்குப் பின்னர் பல இடங்களில் மக்களைக் கேளாமலே வன எல்லைக்கற்கள் நடப்பட்டன. மேய்ச்சல் தரையை வர்த்தமானி மூலம் பண்ணையாளருக்கு உறுதிப்படுத்துவதே முதற்படி. உரிமையில்லாதவரிடம் காட்டைக் காக்கச் சொல்ல முடியாது.