உபாத்தியாயினிகளுக்குச் சேலைதான் யோக்கியதையா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் ஒரு மழை பெய்துவிட்டால் காலடிக்குக் காலடி செருப்பில் மண் ஒட்டிக் கனப்பது யாவரும் அறிந்ததே. அந்த மண்ணில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோ, ஸ்கூட்டரிலோ பள்ளிக்கூடம் போகின்ற உபாத்தியாயினியைப் பார்த்து, "சேலை கட்டித்தான் வரவேண்டும், சுடிதார் போட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்று சொல்லும் தலைமையாசிரியர்களும் நிர்வாகிகளும் இன்னமும் இருக்கின்றார்கள்.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கின்றோம். 2019-ல் தமிழ்நாடு சர்க்கார் தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட உடை விதியிலேயே பெண்களுக்குச் சேலையோடு சல்வார் கமீசும், துப்பட்டாவுடன் சுடிதாரும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. (ஆண்களுக்கு மட்டும் துப்பட்டா வேண்டாமாம், அது இருக்கட்டும்.) கேரள சர்க்காரும், ஆசிரியைகளைச் சேலைதான் கட்டவேண்டுமென்று கட்டாயப்படுத்தக்கூடாது என 2021 நவம்பரில் உத்தரவிட்டது. கோட்டையில் கூடுவது கோவில்பட்டியில் கூடாதென்றால் இது என்ன நியாயம்?

"நம் கலாச்சாரம்" என்பார்கள். ஆண் உபாத்தியாயர் வேஷ்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறியபோது இந்தக் கலாச்சாரம் எங்கே போயிற்று? அதைச் சுமக்கின்ற கூலி வேலை பெண்ணுக்கு மட்டுந்தானா? திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடுவதே வழக்கத்துக்கு விரோதம் என்றார்கள். பெரும் கலகத்திற்குப் பிறகு 1859-ல் மகாராஜா அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்களைப்போல் போடக்கூடாதென்று ஒரு வாலை ஒட்டியே கொடுத்தார். அன்று மூடாதே என்றதும் வழக்கம். இன்று இப்படித்தான் மூடு என்பதும் வழக்கம்!

உடையைப்பற்றி உண்மையான கவலை உள்ளவர்கள் முதலில் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டை எட்டிப் பார்க்கட்டும். சத்துணவு சமைக்கின்ற அம்மாள் பாலியெஸ்டர் சேலையோடு அடுப்படியில் நின்றால், தீப்பட்டவுடன் அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீப்பெட்டித் தொழிலால் பிழைக்கின்ற ஊருக்குத் தீயின் குணத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அதன்பின் கீற்றுக் கூரையைப்பற்றி நடந்த பேச்சில் நூற்றிலொரு பங்கு, அடுப்பருகே நிற்பவரின் துணியைப்பற்றி நடந்திருக்குமா? கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கரிசல் இது. 1891-லேயே நூற்பாலை வந்த ஊர், 1901-லேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்ட ஊர். இங்கே சமைப்பவருக்கு ஒரு பருத்தி மேலங்கி தைத்துக் கொடுப்பதா அசாத்தியம்?

ஆகவே தோழர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சுடிதாரைப்பற்றிப் பேச எழுகின்ற பெரியவரிடம், சமையற்கட்டுக்கு எத்தனை மேலங்கி வாங்கியிருக்கின்றீர்கள், கக்கூசு கழுவுகின்றவருக்குக் கையுறையும் பூட்சும் உண்டா என்று கேளுங்கள்.